ரத்தம் ஊறுமா? டாங் குவாய் வேரை வாங்கும் முன்

சிங்கப்பூருக்குக் குடிவந்த புதிதில், சில மாலைகளில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் மின்தூக்கியை விட்டு வெளியே வந்தாலே ஒரு மணம் எதிர்கொள்ளும். செலரித் தண்டையும் சீரகத்தையும் சேர்த்து நசுக்கி, அதன்மேல் கொஞ்சம் அடுப்புப் புகை பட்டது போன்ற மணம். எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டியின் மண்சட்டியில் கொதிக்கும் சூப்தான் அது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. அவர் ஒரு நாள் வேர்த்துண்டு ஒன்றைக் கையில் வைத்து, "டாங் குவாய். பெண்களுக்கு நல்லது. ரத்தம் வரும்" என்றார்.

அவர் சொன்ன அந்தக் கடைசி இரண்டு சொற்களை என் சின்னம்மா "ரத்தம் ஊறும்" என்று எடுத்துக்கொண்டார். பேரீச்சம்பழத்துக்கும் பீட்ரூட்டுக்கும் நாம் சொல்வோமே, அந்த அர்த்தத்தில். அவருக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது, மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் குறைவு. வாரம் மூன்று நாள் இந்த வேரைப் போட்டு சூப் வைத்துக் குடித்தார். மூன்றாவது மாதம் போக்கு நிற்கவே இல்லை. வேரால்தான் ஆனதா என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டு, முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னார். அன்றைக்குத்தான் நான் இந்த வேரைப் பற்றி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவர் இல்லை. சீன மருந்துக் கடைக்குள் முதல்முறை நுழைகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும், எந்த வரிசையில் தெரிந்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் வேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

டாங் குவாய் என்பது கேண்டனீஸ் உச்சரிப்பு. மாண்டரினில் தாங்குய் என்பார்கள். தாவரவியல் பெயர் ஏஞ்செலிகா சைனென்சிஸ். நம் கொத்தமல்லி, சீரகம், கேரட் எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். மணம் பழகியது போல இருந்ததற்குக் காரணம் அதுதான்.

சீனாவின் வடமேற்கில் கான்சு மாநிலம், அதில் மின்சியான் என்ற மலை வட்டாரம். கடல்மட்டத்தில் இருந்து 2,000 மீட்டருக்கும் மேலே, குளிரான இடம். இந்த வேருக்குப் பேர்போன ஊர் அதுதான். அங்கே முதல் ஆண்டு விதைத்து நாற்று எடுக்கிறார்கள். பனிக்காலம் முழுக்க நாற்றைப் பத்திரப்படுத்தி, அடுத்த வசந்தத்தில் நட்டு, இலையுதிர்காலத்தில் தோண்டுகிறார்கள். நடுவில் செடி பூத்துவிட்டால் வேர் கட்டையாகிவிடும், மருந்துக்கு உதவாது. தோண்டிய வேரைச் சற்று வாடவிட்டு, கற்றையாகக் கட்டி, பரண்மேல் ஏற்றி, கீழே மெதுவாகப் புகை போட்டு உலர்த்துவது பழைய முறை. அந்தப் புகை மணம் இப்படித்தான் வருகிறது.

வேரை மூன்று பாகமாகப் பிரிப்பார்கள்: தலை, உடல், வால். உடல் பகுதி ரத்தத்தைப் போஷிக்கும், வால் பகுதி ரத்தத்தை ஓடவைக்கும் என்பது சீன மருத்துவ மரபு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேரில் இரண்டு வேலை இருக்கிறது என்று அவர்களே ஆதியில் இருந்து சொல்லிவருகிறார்கள்.

"ரத்தம்" என்ற சொல் எங்கே இடறுகிறது

சீன மருத்துவத்தில் 'சுவே' என்ற சொல்லுக்கு ரத்தம் என்றுதான் பொருள். ஆனால் பரிசோதனைக் கூடத்தில் அளக்கும் ஹீமோகுளோபினோடு அது ஒன்றல்ல. முகம் வெளுத்திருப்பது, கைகால் சில்லிடுவது, தலை கிறுகிறுப்பது, மாதவிலக்கு குறைவாகவோ தள்ளியோ வருவது, தோல் வறண்டுபோவது, தூக்கம் பிடிக்காதது, இவை எல்லாம் சேர்ந்த ஒரு நிலையை அவர்கள் 'சுவே குறைவு' என்கிறார்கள். அந்த நிலைக்குத்தான் இந்த வேர். அப்புறம், மாதவிலக்கு வலி, அடிபட்ட வீக்கம், குளிரால் வரும் மூட்டுவலி, முதியவர்களின் வறண்ட மலச்சிக்கல் ஆகியவற்றுக்கும் மற்ற மூலிகைகளோடு சேர்த்துக் கொடுப்பார்கள்.

சேர்த்து என்பது முக்கியம். சின்சே, அதாவது சீன மருத்துவர், இதைத் தனியாகக் கொடுப்பது அபூர்வம். சோங் வம்சக் காலத்து அரசு மருந்துத் தொகுப்பில் இருக்கும் 'சு வூ தாங்' என்ற நான்கு சரக்குக் கசாயத்தில் இது ஒன்று. மருத்துவர் லி தோங்யுவான் 13-ம் நூற்றாண்டில் எழுதிவைத்த 'டாங் குவாய் ரத்தம் தேற்றும் கசாயம்' இன்னும் ஆச்சரியமானது. அதில் டாங் குவாய் ஒரு பங்கு என்றால், ஹுவாங்சி என்ற இன்னொரு வேர் ஐந்து பங்கு. பெயரோ டாங் குவாயின் பெயர், அளவில் பெரும்பங்கு அடுத்த சரக்குக்கு.

இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகைக்கு இந்த வேர் மருந்து இல்லை. போக்கு அதிகமாகி அதனால் ரத்தம் குறைந்தவர் இதைக் குடித்தால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓட்டையையும் பெரிதாக்குகிற கதையாகிவிடலாம். என் சின்னம்மாவுக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

மாதவிலக்கு நின்ற பிறகு வரும் உடல் சூட்டுக்கும் வியர்வைக்கும் இது நல்லது என்று மாத்திரை விளம்பரங்கள் சொல்கின்றன. 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 71 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 4.5 கிராம் டாங் குவாயும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தனி வேராகக் கொடுத்தது சீன முறையே இல்லை என்று மறுப்பவர்கள் உண்டு. அந்த மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் டப்பாவில் தனி வேராக விற்கும் மாத்திரையை அதற்காக வாங்குவதில் பொருள் இல்லை என்பது என் முடிவு.

வாங்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை

கடைக்குப் போகும் முன், வீட்டில் யார் யார் அந்தச் சூப்பைக் குடிக்கப் போகிறார்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொருவராக எடுத்துப் பாருங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், குறிப்பாக வார்ஃபரின் சாப்பிடுகிறவர், அவருக்கு ஒரு கரண்டிகூட வேண்டாம். 1999-ல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவான சம்பவம் இது: வார்ஃபரினில் நிலையாக இருந்த 46 வயதுப் பெண் ஒருவர் நான்கு வாரம் டாங் குவாய் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. வேரை நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் பழைய நிலைக்கு வந்தது. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த அப்பாக்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்!

கர்ப்பமாக இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்பப்பையைத் தூண்டக்கூடிய வேர் இது. குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டு, நாள் தள்ளியிருக்கிறதா என்று சந்தேகத்தில் இருப்பவரும் அப்படியே.

மாதவிலக்கில் அதிகம் போகிறவர், மூக்கிலோ ஈறிலோ அடிக்கடி ரத்தம் வருகிறவர், குடல்புண் உள்ளவர் விலகி நிற்க வேண்டும். மார்பகம், கர்ப்பப்பை, சினைப்பை ஆகிய இடங்களில் ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் வந்தவர்களும் புற்றுநோய் மருத்துவர் சொல்லாமல் சாப்பிட வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டதா? இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். பல் பிடுங்கப் போகிறவர்கள் பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

பிள்ளை பெற்றவர்கள் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இங்கே சீனப் பக்கத்து வீட்டார் பிரசவம் ஆன வீட்டுக்கு மூலிகைப் பொட்டலம் கொடுப்பது அன்பின் அடையாளம், மறுக்க மனம் வராது. அதில் டாங் குவாய் பெரும்பாலும் இருக்கும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஓயும் வரை அதைத் திறக்காதீர்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலம் முழுவதும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இந்த வேர் போட்ட சூப்புக்குப் பிறகு தாய்க்கும் கைக்குழந்தைக்கும் ரத்த அழுத்தம் ஏறியதாக ஒரு மருத்துவக் குறிப்பு இருக்கிறது. பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம், உறைபெட்டியில் பத்திரமாக இருக்கும். நன்றி சொல்வதற்கு உடனே குடித்தாக வேண்டும் என்பதில்லை.

கடைசியாக, நமக்கு நன்றாகப் புரிகிற ஒன்று: சூடு. சீனர்கள் இதைச் சூடான சரக்கு என்கிறார்கள். வாய்ப்புண், தொண்டைக் கரகரப்பு, காய்ச்சல் இருக்கும்போது வைக்கமாட்டார்கள். வயிறு இளகிப் போய்க்கொண்டிருக்கும்போதும் கூடாது, இது மலத்தை இளக்கும்.

தெரியாமல் உள்ளே போகிற வழிகளும் உண்டு. மலேசியாவின் கிள்ளான் பாணி பாக் குட் தே என்ற பன்றி எலும்பு மூலிகைச் சூப் பொட்டலங்களில் இது வழக்கமாக இருக்கும். 'எட்டுச் சரக்கு' சூப் பொட்டலத்தில் இருக்கும். பெண்களுக்கென்று விற்கும் பாக் ஃபோங் மாத்திரையிலும் இருக்கும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கோப்பிக்கடையில் மூலிகைச் சூப்பைப் பார்த்து ஆசைப்பட்டால், உள்ளே என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கடையில்

இத்தனையும் தாண்டி யாருக்கும் தடை இல்லை என்றால், சரி, கடைக்குப் போகலாம். முடிந்தால் உள்ளேயே சின்சே உட்காரும் கடையாகப் பாருங்கள். சிங்கப்பூரில் 2000-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். நீங்கள் சாப்பிடும் ஆங்கில மருந்துகளின் அட்டையைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள். பெயரை வாயால் சொன்னால் தவறும்.

பழைய கடைகளில் விலை லியாங் கணக்கில் இருக்கும். ஒரு லியாங் ஏறக்குறைய 38 கிராம். முதல்முறைக்கு ஒரு லியாங் போதும், அதற்கு மேல் வாங்காதீர்கள். நீளவாக்கில் மெல்லிய வில்லையாகச் சீவியது கிடைக்கும், முழு வேரும் கிடைக்கும்.

வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல வில்லை மஞ்சள் கலந்த வெண்மையாக இருக்கும். உள்ளே ஒரு வெளிர்பழுப்பு வளையம் ஓடும். அதைச் சுற்றி ஊசியால் குத்தியது போலப் பழுப்புப் புள்ளிகள் தெரியும், அவைதான் எண்ணெய்ப் பைகள். விரலில் தேய்த்தால் லேசாகப் பிசுக்கு ஒட்டும், வளைத்தால் சட்டென்று ஒடியாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நுனியைக் கடித்தால் முதலில் இனிப்பு, பிறகு காரம், கடைசியில் மெல்லிய கசப்பு. கட்டைபோல் எண்ணெய்ப் பசையில்லாமல் காய்ந்தது, வெட்டுமுகம் பச்சை கலந்த பழுப்பாக இருப்பது, இரண்டையும் மருந்தாகப் பயன்படுத்தக்கூடாது என்று சீன அரசின் மருந்து நூலே சொல்கிறது. பூத்துக் கட்டையான வேர் என்று சொன்னேனே, அதெல்லாம் இந்த வகையில்தான் மாட்டும்.

நான் ஒருமுறை பளபளவென்று வெள்ளையாக இருந்த வில்லையை, சுத்தமாக இருக்கிறதே என்று வாங்கிவந்தேன். வீட்டில் பையைத் திறந்தால் செலரி மணத்துக்குப் பதில் மூக்கில் ஏறும் புளிப்பு நெடி. ஆண்ட்டி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பூச்சி வராமல் இருக்கவும் வெளுப்பாகத் தெரியவும் கந்தகப் புகை போட்டால் இப்படித்தான் இருக்குமாம். அப்படியே குப்பையில் போட்டோம். மஞ்சளாக, கொஞ்சம் அழுக்காகத் தெரிகிற வேரை நம்புங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். ஜப்பானின் தோகி, கொரியாவின் சாம்தாங்க்வி இரண்டும் இதே இனத்தின் வேறு செடிகள். ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போட முடியாது. பொட்டலத்தில் ஏஞ்செலிகா என்பதோடு சைனென்சிஸ் என்பதும் இருக்கிறதா பாருங்கள். மலேசியாவில் மாத்திரையாக வாங்கினால், பெட்டிமேல் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும், பாரம்பரிய மருந்தென்றால் அந்த எண்ணின் முடிவில் டி (T) என்ற எழுத்து இருக்கும். எண் இல்லாத, யாரோ ஊரில் இருந்து கொண்டுவந்த தூளை வாங்கவே வாங்காதீர்கள். தூளாக்கிய பிறகு அது எந்த வேர் என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது.

வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள வேர், நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், வண்டு விழும். பூசணம் கண்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்க வேண்டாம், மொத்தமாகப் போடுங்கள்.

அடுப்பில்

சீன அரசின் மருந்து நூல் கசாயத்துக்குச் சொல்லும் அளவு, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 12 கிராம். அது சின்சே பார்த்து எழுதித்தரும் மருந்து அளவு. வீட்டுச் சூப்புக்கு அவ்வளவு தேவையில்லை. 2019-ல் சீன அரசு இந்த வேரை உணவாகவும் பயன்படும் சரக்குகள் பட்டியலில் சேர்த்தது, அதுவும் மசாலாப் பொருளாக மட்டும். அதே அறிவிப்பில் கூடவே சேர்ந்தவை எவை தெரியுமா? நம் மஞ்சளும் திப்பிலியும், குங்குமப்பூவும். மசாலாவாக என்றால் நாம் பட்டை கிராம்பு போடுகிற கை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் குடிக்கும் சூப்புக்கு மொத்தமே 6 முதல் 8 கிராம் போதும். கண்ணளவு வேண்டாம், வில்லைக்கு வில்லை எடை மாறும். கேக் செய்ய வைத்திருக்கும் சிறு தராசில் நிறுத்துப் போடுங்கள்.

தொடங்குவதற்கு நம் நாக்குக்கு ஏற்றது ஆட்டுக்கறி சூப். இது ஆண்ட்டி கண்டுபிடித்தது இல்லை. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஹான் வம்சத்தின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த மருத்துவர் சாங் சோங்ஜிங் எழுதிவைத்த கசாயம். சரக்கு மூன்றே மூன்று: டாங் குவாய், இஞ்சி, ஆட்டுக்கறி. குளிரால் வரும் வயிற்றுவலிக்கும், பிள்ளை பெற்ற பின் வரும் வயிற்றுவலிக்கும் கொடுத்திருக்கிறார். டாங் குவாய் 3 லியாங், இஞ்சி 5 லியாங் என்று அவர் சொல்லும் அளவைப் பார்த்து அப்படியே போட்டுவிடாதீர்கள். அன்றைய லியாங் வேறு, அது நோய்க்கான மருந்தும்கூட.

வீட்டு அளவு இது. எலும்போடு ஆட்டுக்கறி அரைக் கிலோ, தோல் சீவித் தட்டிய இஞ்சி இரண்டு பெருவிரல் நீளம், டாங் குவாய் 6 கிராம். கறியைக் கொதிநீரில் போட்டு இரண்டு நிமிடம் விட்டு, நுரையும் அழுக்குமாக வரும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வேரைக் குழாய்த் தண்ணீரில் சட்டென்று அலசினால் போதும், ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவினால் மணம் போய்விடும். மண்சட்டியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் விட்டு, கறியையும் இஞ்சியையும் முதலில் போட்டு மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். அப்புறம் வேரைப் போட்டு மறுபடி மூடி இன்னும் அரைமணி நேரம். மூடி முக்கியம், இந்த வேரின் குணத்தில் ஒரு பங்கு ஆவியாகப் போகக்கூடிய எண்ணெயில் இருக்கிறது. உப்பைக் கடைசியில் போடுங்கள். கரம் மசாலா, பூண்டு எதுவும் முதல்முறை சேர்க்காதீர்கள். வேரின் ருசி என்ன என்று நாக்குக்குத் தெரியட்டும். மிளகு மட்டும் நான் நாலு தட்டிப் போடுவேன், ஆண்ட்டியே அதற்குத் தலையசைத்துவிட்டார்.

குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு கிண்ணம். முதல் வாரம் ஒரு நாள் போதும்.

குடித்த பிறகு

நாட்காட்டியில் குடித்த தேதியைக் குறியுங்கள். எத்தனை கிராம் போட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த மாதவிலக்கு எப்போது வந்தது, எத்தனை நாள், வழக்கத்தைவிட அதிகமா என்று அதே நாட்காட்டியில் எழுதுங்கள். என் சின்னம்மாவிடம் மருத்துவர் எப்போதில் இருந்து என்று கேட்டபோது, அவருக்கு மாதக்கணக்கே நினைவில்லை.

வயிறு உப்புசம், இளக்கமாகப் போவது, இவை சிலருக்கு வரும், நிறுத்தினால் சரியாகிவிடும். வெயில் பட்ட தோல் சட்டென்று சிவந்து எரிந்தால் அதையும் கவனியுங்கள், இந்த வகைச் செடிகளில் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் பொருள்கள் உண்டு. தொடர்ந்து குடிக்கிறவர்கள் நண்பகல் வெயிலில் நிற்காமல் இருப்பது நல்லது.

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் தடம், மலம் கறுப்பாகப் போவது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றும் அளவுக்குப் போக்கு, இவற்றில் எது வந்தாலும் சூப்பை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பலதுறை மருந்தகத்துக்கோ அவசரப் பிரிவுக்கோ போகும்போது, மிச்சம் இருக்கும் வேர்ப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஆங்கில மருத்துவரிடம் நாட்டு மருந்து, சீன மருந்து பற்றிப் பேசத் தயங்குவது நம் வழக்கம், திட்டுவாரோ என்று. திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

சின்னம்மா இப்போது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார், கட்டிக்கும் சிகிச்சை நடக்கிறது. நாங்கள் சூப் வைக்கும் நாளில் அவருக்கு மட்டும் வேர் போடும் முன்பே ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைத்துவிடுகிறேன். இஞ்சியும் மிளகும் போட்ட வெறும் ஆட்டுக்கறி சூப். அதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது.